வாலன் திட்டம்: கேட்டவையும் பதில்களும்

இரண்டாம் உலகப் போரின்போது சுவிட்சர்லாந்தில் உணவு விளைச்சலைப் பெருக்க வாலன் வகுத்த திட்டம் இது.

பிரீட்ரிக் டிராகாட் வாலன் விஞ்ஞானியா, அரசியல்வாதியா?
முதலில் வேளாண் விஞ்ஞானி. 1899இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், மிர்கெல் கிராமத்தில் ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். சூரிச்சில் வேளாண்மை படித்து, சில ஆண்டுகள் கனடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, 1929இல் சூரிச்-ஓர்லிகான் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். அரசியல் அப்புறம்தான்.

அவருடைய திட்டத்தில் அப்படி என்ன புதுமை?
1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் ஜெர்மனியும் இத்தாலியும் சுவிட்சர்லாந்தைச் சுற்றிக்கொண்டன. உணவில் பாதி வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த நாடு அது. நிலமோ பெரும்பாலும் மாட்டுக்குப் புல். அந்தப் புல்லை மாடு தின்று, பாலும் இறைச்சியுமாக மாறி நம் தட்டுக்கு வருவதற்குள் சத்தில் பெரும்பகுதி போய்விடும். அதே நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டால் பல மடங்குப் பேர் சாப்பிடலாம். மேய்ச்சல் நிலத்தை உழச் சொன்னார், அவ்வளவுதான். எளிய கணக்கு, ஆனால் பால் மாட்டை நம்பி வாழும் விவசாயியிடம் போய் இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அந்த நவம்பர் 15 அன்று சூரிச்சில் விவசாயிகள் சபையிலேயே சொன்னார்.

பலித்ததா?
பயிர் நிலம் 1,83,000 ஹெக்டேரிலிருந்து சுமார் 3,52,000 ஹெக்டேராக உயர்ந்தது. இலக்கு 5,00,000. உணவுத் தன்னிறைவு 52 சதவீதத்திலிருந்து 59 ஆனது. அதிலும் மக்கள் குறைவாகச் சாப்பிட்டதற்கு ஒரு பங்கு உண்டு. 'முழுத் தன்னிறைவு கண்டார்கள்' என்று சிலர் எழுதுவது மிகை. ஆனால் உருளைக்கிழங்குக்கு ரேஷன் கட்டுப்பாடு வரவில்லை. சூரிச்சின் ஓபரா அரங்குக்கு முன்னால் இருக்கும் மைதானத்தில்கூடப் பயிர் வைத்தார்கள்!

நான் சாரணர். அப்போது இளைஞர்களுக்கு இதில் வேலை இருந்ததா?
நிறைய. விவசாயிகளில் பலர் ராணுவத்துக்குப் போய்விட்டதால் வயலில் ஆள் இல்லை. நகரத்துப் பையன்களும் பெண்களும் கிராமங்களுக்கு வேலைக்குப் போனார்கள். உங்கள் இயக்கம் அங்கே 1913இலேயே வேரூன்றிவிட்டது. ரயில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கிய, காண்டர்ஸ்டெக் என்ற ஊரிலுள்ள வீடு 1923 முதல் உலகச் சாரணர் மையம். வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

போருக்குப் பிறகு?
1949இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்புக்குப் போனார். 1959 முதல் 1965 வரை சுவிஸ் அமைச்சரவையில் இருந்தார், கடைசி ஆண்டுகளில் வெளியுறவு. 1961இல் குடியரசுத் தலைவர்.

ஒரே ஆண்டுதானா? ஏதாவது தகராறா?
இல்லை ஐயா, அங்கே ஏழு அமைச்சர்களில் ஒருவர் ஓராண்டுக்குத் தலைவராக இருப்பார். அடுத்த ஆண்டு இன்னொருவர்.