சங்கிலியின் நுனி எதை ஏற்கும்? சகபலபடியாக்கல் குறித்த கேள்வி பதில்

டர்பனில் பெயின்ட்டுக்கான பிசின் காய்ச்சும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், நம் ஊர்க்காரர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒற்றைப்படி எனப்படும் சிறு மூலக்கூறுகளில் இரண்டோ அதற்கு மேலோ வகைகளை ஒரே நீண்ட சங்கிலியாகக் கோர்ப்பதே சகபலபடியாக்கல்.

சாட்ஸ்வொர்த் மாணவி: ஐயா, இரண்டு ஒற்றைப்படிகளைச் சரிபாதியாகக் கலந்தால் சங்கிலியிலும் அவை சரிபாதியாகவே இருக்குமா?

பெரும்பாலும் இராது, மகளே. வளரும் சங்கிலியின் நுனியில் எந்த அலகு நிற்கிறதோ, அதுவே அடுத்து வருவதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. நுனி தன் இனத்தோடு சேரும் வேக மாறிலியை (வினையின் விரைவைக் காட்டும் எண்ணை) மற்ற இனத்தோடு சேரும் வேக மாறிலியால் வகுத்தால் கிடைப்பது வினைத்திறன் விகிதம். வேதியியலாளர்கள் மேயோவும் லூயிஸும் 1944இல் தந்த சமன்பாடு இதன் மேல்தான் நிற்கிறது. ஸ்டைரீனுக்கும் மெத்தில் மெத்தாக்ரிலேட்டுக்கும் ஆளுக்கொன்றான இந்த விகிதம் இரண்டுமே ஏறக்குறைய 0.5 என்பதால், சரிபாதிக் கலவை சரிபாதிக்கு மிக அருகிலேயே சேரும். ஸ்டைரீன், வினைல் அசிட்டேட் இணைக்கோ ஸ்டைரீன் நுனிக்குச் சுமார் 55, வினைல் அசிட்டேட் நுனிக்குச் சுமார் 0.01. அங்கே சரிபாதி மோல் கலவையில் தொடங்கினாலும் முதலில் உருவாகும் சங்கிலியில் சுமார் 98 விழுக்காடு ஸ்டைரீனே இருக்கும்.

டோங்காட் ஆலைத் தொழிலாளி: அண்ணா, வினைல் அசிட்டேட்டையும் பியூட்டைல் அக்ரிலேட்டையும் ஒரேயடியாக ஊற்றிக் காய்ச்சினால் படலம் ஏன் ஒரு சீராக வருவதில்லை?

இளம் வயதில் நானும் இதே தவற்றைச் செய்து ஒரு முழுத் தொகுதியைக் கெடுத்திருக்கிறேன். எந்த நுனியாக இருந்தாலும் அக்ரிலேட்டையே விரும்பி ஏற்பதால் அது முதலில் தீர்ந்துவிடுகிறது. கடைசியில் பிறக்கும் சங்கிலிகள் ஏறத்தாழ வினைல் அசிட்டேட் மட்டுமே கொண்டவை, ஆகவே முதலில் வந்தவை மென்மையாகவும் பின்னர் வந்தவை விறைப்பாகவும் ஆகின்றன. கலவையைச் சொட்டுச் சொட்டாக, உள்ளே விழுந்தது உடனே வினைபுரிந்து தீரும் வேகத்தில் விடுங்கள். அப்போது ஊட்டும் விகிதமே சங்கிலியின் விகிதமாகும். ஆனால் வெப்பநிலை தாழ்ந்தோ, வினையைத் தொடங்கிவைக்கும் துவக்கி குறைந்தோ வினை மந்தமானால், தொட்டியில் ஒற்றைப்படி தேங்கி, பின்பு ஒரேயடியாக வினைபுரிந்து வெப்பத்தைக் கக்கும். தேக்கம் தெரிந்தவுடன் ஊட்டுவதை நிறுத்துங்கள், தம்பி. இதில் ஒருபோதும் அசட்டை வேண்டாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்: கலவை மாறாமலே இறுதிவரை செல்லும் இணைகள் உண்டா?

உண்டு. இரு விகிதங்களும் ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் அப்படி ஒரு புள்ளி அமையும். ஸ்டைரீன், அக்ரிலோநைட்ரைல் இணைக்கு அது எடையில் ஏறக்குறைய 76க்கு 24.

ஃபீனிக்ஸ் அன்பர்: மூன்று ஒற்றைப்படிகள் சேர்ந்தால் கணக்கு என்னவாகும்?

ஆல்ஃப்ரேவும் கோல்ட்ஃபிங்கரும் அதையும் 1944இலேயே எழுதிவிட்டார்கள். மூன்று இணைகளுக்கு ஆறு விகிதங்கள் வேண்டும். அவற்றை இணை இணையாக அளந்தே எடுத்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. எனினும் சேர்க்கையை, அதாவது சங்கிலியில் எது எவ்வளவு என்பதை, சரியாகச் சொல்லும் இந்த நுனிக் கணக்கு, சங்கிலி வளரும் வேகத்தையும் சரியாகச் சொல்லிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். ஸ்டைரீன், மெத்தில் மெத்தாக்ரிலேட் இணையில் சேர்க்கை பொருந்தியும் வளர்ச்சி வேகம் பொருந்தவில்லை என்பதை ஃபுகுடா குழுவினர் 1985இல் காட்டினார்கள். நுனிக்கு முந்தைய அலகும் வேகத்தில் கை வைக்கிறது.