ஆசியான் உறுதிமொழியைக் காப்பாற்றும்படி மியான்மரை வற்புறுத்த முடியுமா?

முடியும். ஆனால் வாயால் கேட்பதைத் தாண்டிக் கையில் இருப்பது குறைவு. தென்கிழக்காசிய நாடுகளின் அமைப்பான ஆசியானின் சாசனம் 2008 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஜனநாயகத்தை வலுப்படுத்துவதும் மனித உரிமைகளைக் காப்பதும் அதன் முதல் பிரிவிலேயே இருக்கின்றன. மியான்மரும் ஒப்புக்கொண்டதுதான்.

சரி, மீறினால்? 20-ஆம் பிரிவின்படி கடுமையான மீறல் உச்சி மாநாட்டுக்குப் போகும். உறுப்பு நாட்டை நீக்கும் விதியே சாசனத்தில் இல்லை. போதாததற்கு, உள்நாட்டு விவகாரங்களில் தலையிடக் கூடாது என்றும் அதே சாசனம் சொல்கிறது. பெரிய ஓட்டை இதுதான்.

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. வன்முறையை உடனே நிறுத்த வேண்டும் என்பது ஏப்ரலில் ஜகார்த்தாவில் ஆசியான் தலைவர்கள் எட்டிய ஐந்து அம்ச உடன்பாட்டின் முதல் அம்சம். நிறுத்தவில்லை. அக்டோபர் உச்சி மாநாட்டுக்கு ராணுவத் தலைவரை அழைக்காமல் விட்டார்கள். இதுவரை எடுத்ததில் உறைத்த நடவடிக்கை அதுதான் என்பேன்.

சென்னையில் இருக்கும் நமக்கென்ன? 1960-களில் பர்மாவிலிருந்து, அதாவது இன்றைய மியான்மரிலிருந்து, எல்லாம் இழந்து வந்த தமிழர்களின் குடும்பங்கள் வியாசர்பாடியிலும் பர்மா பஜாரிலும் இருக்கின்றன. இந்தியா ஆசியான் உறுப்பினர் இல்லை, பேச்சுவார்த்தைக் கூட்டாளி. அந்த மேசையில் இதைப் பேசச் சொல்லி உங்கள் தொகுதி எம்.பி.க்குக் கடிதம் எழுதுங்கள்.