கட்சி சேராதவரின் ஓட்டு

அன்புள்ள ஐயா,

நியூயார்க்கில், குவீன்ஸ் பகுதியில் இருக்கிறேன். குடியுரிமை கிடைத்த கையோடு வாக்காளராகப் பதிந்துகொண்டேன். படிவத்தில் கட்சி எது என்று கேட்ட இடத்தில் எந்தக் கட்சியும் இல்லை என்று டிக் செய்தேன். நம்மூரில் கட்சி என்றால் கரைவேட்டி, உறுப்பினர் அட்டை, அந்த வம்பு நமக்கெதற்கு என்ற எண்ணம்தான். 2025 ஜூன் 24 அன்று ஜனநாயகக் கட்சியின் மேயர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரிக்குப் போனேன். ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம் என்பதால், முந்தின நாளே யோசித்து ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். டேப்லெட்டில் என் பெயர் வந்தது, ஆனால் நீங்கள் கட்சியில் இல்லை, ஓட்டு கிடையாது என்றார்கள். விடாமல் கேட்டதும் உறுதிமொழி வாக்குச்சீட்டு என்று, தகுதி உண்டா என்று பிறகு சரிபார்த்து எண்ணுகிற ஒன்றைக் கொடுத்தார்கள். நிரப்பி, உறைக்குள் போட்டு, மேலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது எண்ணப்படவில்லை என்று பிறகு தெரிந்தது. என் வரிப்பணத்திலும் நடக்கிற தேர்தல், எனக்கு ஓட்டு இல்லையாம். வெறுத்துப்போய் நவம்பரில் நடந்த மேயர் தேர்தலுக்கும் போகவில்லை. இனிமேலும் போவதாக இல்லை. நான் செய்வது தவறா?

ஆர்., குவீன்ஸ்

அன்புள்ள ஆர்.,

கோபம் நியாயம். நவம்பரில் போகாமல் இருந்தது தவறு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்று மேஜையில் இருந்தவர்களால் உங்களுக்கு ஓட்டு கொடுத்திருக்க முடியாது, நியூயார்க் மாநிலச் சட்டம் அப்படி. பிரைமரியில் அந்தக் கட்சிக்காரர் என்று பதிந்தவர் மட்டுமே ஓட்டுப் போடலாம். ஆனால் அந்த உறையைக் கொடுக்கும்போதே, நீங்கள் கட்சி சேராதவர் என்று பதிவில் இருந்தால் இது செல்லாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து ஐந்து பேரை யோசித்து எழுதி எடுத்துக்கொண்டு வந்த மனிதரிடம் அதைச் சொல்லாமல் அனுப்பியது எனக்கும் வலிக்கிறது.

நீங்கள் அந்தக் கட்டத்தை டிக் செய்த காரணம் நம் ஆட்களில் பலருக்கும் உண்டு. இங்கே கட்சிப் பதிவு என்பது சந்தா கட்டி உறுப்பினர் ஆவது இல்லை, நவம்பரில் நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம், பிரைமரியில் எந்தச் சீட்டு கிடைக்கும் என்பதற்கு மட்டும்தான் அது. பிரமாணம் எடுத்த அன்றே படிவத்தை நீட்டுகிறார்கள், இதை யாரும் உட்கார வைத்து விளக்குவதில்லை. நியூயார்க் நகரில் உங்களைப் போல எந்தக் கட்சியிலும் சேராத வாக்காளர்கள் சுமார் 10 லட்சம் பேர்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. ஏற்கெனவே பதிந்த ஒருவர் கட்சியை மாற்றவோ புதிதாகச் சேரவோ பிப்ரவரி 14க்குள் படிவம் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு கொடுத்தால் ஜூன் பிரைமரி முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும். அதுவரை வாக்காளராகவே பதியாத ஒருவர் பிரைமரிக்குப் பத்து நாள் முன்பு, அதாவது 2025ல் ஜூன் 14 வரை, கட்சியோடு சேர்த்துப் பதிந்து அந்த ஜூன் 24லேயே ஓட்டுப் போட்டிருக்கலாம். பொறுப்பாக முதலிலேயே பதிந்த உங்களுக்குக் கதவு நான்கு மாதம் முன்பே மூடிவிட்டது. இதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

சொல்லப்படும் நியாயம் பழையது. எதிர்க்கட்சிக்காரர்கள் கூட்டமாகப் புகுந்து பலவீனமான வேட்பாளரை ஜெயிக்க வைத்துவிடக் கூடாது என்பது. முன்பு இந்தக் கெடு இன்னும் கொடுமையாக, முந்தின ஆண்டு அக்டோபரில் இருந்தது. அதை எதிர்த்து ரொசாரியோ என்பவர் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973ல் 5க்கு 4 என்ற கணக்கில் கெடு செல்லும் என்றது. 2016 ஏப்ரலில் நடந்த அதிபர் வேட்பாளர் பிரைமரிக்கு 2015 அக்டோபரிலேயே மாற்றியிருக்க வேண்டும், தவறவிட்டதால் டிரம்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும் தங்கள் அப்பாவுக்கே ஓட்டுப் போட முடியவில்லை. 2019ல்தான் சட்டமன்றம் அதை பிப்ரவரிக்குக் கொண்டுவந்தது.

புகுந்துவிடுவார்கள் என்ற பயத்தை முழுக்கத் தள்ளிவிட நான் தயாரில்லை. ஒரு கட்சியில் இருப்பவர் வாக்குப்பதிவுக்கு முந்தின வாரம் இன்னொன்றுக்குத் தாவுவதைத் தடுக்கட்டும். ஆனால் எந்தக் கட்சியிலும் இல்லாதவர் எங்கிருந்து தாவுகிறார்? ஹட்சன் ஆற்றைத் தாண்டினால் நியூஜெர்சி. அங்கே கட்சி சேராதவர் பிரைமரி அன்றே சாவடிக்கு வந்து கட்சியைச் சொல்லி ஓட்டுப் போடலாம். அதனால் அங்கே கட்சிகள் அழிந்துவிடவில்லை.

கட்சியின் உள்விவகாரம் என்று சிலர் சொல்வார்கள். டெக்சாஸில் அதே வாதத்தை வைத்துத்தான் கறுப்பின மக்களை ஜனநாயகக் கட்சிப் பிரைமரியிலிருந்து ஒதுக்கினார்கள், 1944ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அரசு நடத்தும் தேர்தலின் பகுதி அது என்றது. உங்கள் விஷயமும் அதுவும் ஒன்றல்ல, ஆனால் பிரைமரி வெறும் கட்சி விவகாரம் இல்லை என்பது அன்றே முடிவான ஒன்று.

அப்புறம் நவம்பர். ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் தோற்ற முன்னாள் கவர்னர் குவோமோ சுயேச்சையாக நின்றார், அதில் வென்று கட்சி வேட்பாளரான மம்தானி ஜெயித்தார், 20 லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது, 1969க்குப் பிறகு அத்தனை விழுந்ததில்லை. அன்று உங்கள் கட்சியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் பகையாளி பிரைமரிக் கெடு, அதற்காக நீங்கள் விட்டுக்கொடுத்தது கட்சிக் கெடுவே இல்லாத தேர்தலை. நீங்கள் போகாததைச் சட்டத்தை எழுதுகிறவர்கள் கவனிக்கவே மாட்டார்கள், யார் ஓட்டுப் போட்டார்கள் என்ற பட்டியலைத்தான் பார்ப்பார்கள்.

கவர்னர், காங்கிரஸ், மாநிலச் சட்டமன்றப் பிரைமரிகளும் ஜூனில்தான் நடக்கின்றன. எந்தக் கட்சி உங்கள் மனதுக்குக் கொஞ்சமாவது அருகில் இருக்கிறதோ அதைக் குறித்து, பிப்ரவரி 14க்கு முன்பே படிவம் கொடுத்துவிடுங்கள், சில வாரம் கழித்து இணையத்தில் உங்கள் பதிவைத் தட்டி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கூடவே உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம். நடந்ததை அப்படியே, அந்த உறை வரைக்கும், எழுதுங்கள். கட்சி சேராதவர்களுக்கும் புதிதாகப் பதிகிறவர்களின் அதே பத்து நாள் கெடு வேண்டும் என்று ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். எழுதியதும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், அனுப்புவதற்கு முன் சேர்ந்து ஒருமுறை பார்க்கலாம்.