சாம்பலை முதலில் அள்ளுங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். கோத்தகிரி பக்கம் ஓர் எஸ்டேட் சபையில் இருக்கிறேன். பள்ளி ஆசிரியை. மூன்று வருடத்துக்கு முன் ஊட்டியில் நடந்த வாலிபர் முகாமில் என்னை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தேன். அன்றிருந்த வாஞ்சை இன்று இல்லை. ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, வாலிபர் சங்கச் செயலாளர் பொறுப்பு, பெண்கள் ஐக்கிய சங்கக் கணக்கு, மே மாதம் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), எல்லாம் என் தலையில்தான். செய்கிறேன், உள்ளே காய்ந்து கிடக்கிறது. ஆவியின் வரமாக அந்நியபாஷை பேசும் தோழிகள் எனக்கு அபிஷேகம் இல்லை என்கிறார்கள். வரங்களைக் கண்டறியும் கேள்வித்தாள் ஒன்றை இணையத்தில் நிரப்பினேன். ‘தலைமைத்துவம்’ என்று வந்தது. படுக்கையில் இருக்கும் பாட்டிமாரைப் பார்த்து ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு வருவது மட்டும் இன்னும் சலிக்கவில்லை. அதற்குத்தான் நேரமே கிடைப்பதில்லை. இரண்டு வருடம் போய்வந்த வீடுகளிலிருந்தும் ஒருவர்கூட சபைக்கு வரவில்லை. அடுத்த முகாம் வரை காத்திருக்கட்டுமா?

(பெயர் வேண்டாம்), கோத்தகிரி

அன்புள்ள சகோதரிக்கு,

காத்திருக்க வேண்டாம். முகாமில் ஒப்புக்கொடுத்தது உண்மை, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அங்கே மூண்ட தீயை இன்னொரு முகாம் வந்து காப்பாற்றாது.

“உனக்கு உண்டான தேவவரத்தை நீ அனல்மூட்டி எழுப்பிவிடும்படி உனக்கு நினைப்பூட்டுகிறேன்” என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் (2 தீமோ. 1:6). புது வரம் கேள் என்றோ, அடுத்த கூட்டத்துக்குப் போ என்றோ சொல்லவில்லை. கிடைத்திருப்பதை நீயே மூட்டு என்கிறார். எப்படி மூட்டுவது என்பதற்கு லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பலிபீடத்து அக்கினி அவியவே கூடாது, ஆசாரியன் காலைதோறும் கட்டை போட வேண்டும். நாம் எல்லோரும் பிரசங்கத்தில் கேட்டது இவ்வளவுதான். அதற்கு முந்தின வசனங்கள் இரவெல்லாம் எரிந்த சாம்பலைப் பற்றியவை. சணல்நூல் அங்கியை உடுத்திக்கொண்டு அதை எடுத்துப் பீடத்தின் பக்கத்தில் வைக்கிறான். பிறகு உடை மாற்றி, பாளயத்துக்குப் புறம்பே சுத்தமான இடத்துக்குக் கொண்டுபோகிறான். சாம்பல் அள்ளுவதும் ஆசாரிய ஊழியம்தான், அதற்கும் உடுப்பு உண்டு. மலைக் குளிரில் கரியடுப்பு மூட்டுகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டாம். சாம்பல் அடைத்துக் கிடக்கும்போது மேலே எவ்வளவு கரி போட்டாலும் புகைதான் வரும்.

நீங்கள் எழுதிய ஐந்து பொறுப்புகளும் நல்ல வேலைகள். சாம்பலும் ஒருகாலத்தில் நல்ல விறகாக இருந்ததுதானே. ஐந்தில் இரண்டை இறக்கி வையுங்கள். என் யோசனை: சங்கக் கணக்கும் செயலாளர் பொறுப்பும். திடீரென்று கைவிடாதீர்கள், சபை தத்தளிக்கும், குற்றவுணர்ச்சியில் நீங்களே மறுபடி தூக்கிக்கொள்வீர்கள். வி.பி.எஸ். முடிந்த கையோடு ஆயரிடம் பேசுங்கள். நோட்டு, ரசீதுப் புத்தகம், பாக்கி விவரம் எல்லாவற்றையும் எழுதி, வருகிறவருக்கு இரண்டு மாதம் பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுங்கள். யாராவது வருத்தப்பட்டால் அப்போஸ்தலர் 6ஐக் காட்டலாம். உணவு பங்கிடும் பந்தி விசாரணை அவசியமான வேலை என்பதால்தான் அதற்கென்று ஏழுபேரைத் தேடினார்கள்.

கேள்வித்தாளை ஒதுக்கிவிடுங்கள். அது உங்களைப்பற்றி உங்களையே கேட்கிறது. வகுப்பையும் சங்கத்தையும் நடத்துகிறவர் பழக்கத்தில் டிக் அடித்தால் ‘தலைமைத்துவம்’ என்றுதான் வரும். வரம் பிறருடைய பிரயோஜனத்துக்குக் கொடுக்கப்படுவதால் அதைப் பிறரிடம்தான் விசாரிக்க வேண்டும். உங்களால் உதவி பெற்ற ஒருவர், கூட வேலை செய்த ஒருவர், உங்களைச் சிறுவயது முதல் பார்த்த ஒரு மூப்பர், இந்த மூவரைத் தனித்தனியே பாருங்கள். “எனக்கு என்ன வரம்?” என்று கேட்டால் மனம் நோகாத பதில் சொல்லிவிடுவார்கள். “என்னால் உங்களுக்கு எப்போது பயன் உண்டாயிற்று?” என்று கேளுங்கள். மூவரும் ஒரே திசையைக் காட்டினால் போதும். அது எந்தத் திசை என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எல்லாவற்றிலும் சலித்தவர் ஒன்றில் மட்டும் சலிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ரோமர் 12:8இல் “இரக்கஞ்செய்கிறவன் உற்சாகத்துடனே செய்யக்கடவன்” என்று இருக்கிறது.

அந்நியபாஷை விஷயத்தை நீட்ட வேண்டாம். எல்லாரும் பாஷைகளைப் பேசுகிறார்களா என்று பவுல் கேட்பது இல்லை என்ற பதிலை வைத்துக்கொண்டுதான் (1 கொரி. 12:30). தோழிகளின் வரத்துக்காக நன்றி சொல்லுங்கள், அதைக் கொண்டு உங்களை அளக்க விடாதீர்கள்.

இனி கட்டை. மூன்று மாதத்துக்கு வாரம் இரண்டு வீடு, அதற்கு மேல் வேண்டாம். தனியாகப் போகாதீர்கள். சங்கத்தில் ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனால் அவளும் பழகுவாள். தேயிலை அதிகமாக வரும் மாதங்களில் எஸ்டேட் வீடுகளில் சாயங்காலம் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது, ஞாயிறு ஆராதனை முடிந்து போவதே நல்லது. காட்டெருமையும் கரடியும் நடமாடும் பாதைகள், இருட்டுமுன் வீடு திரும்பிவிடுங்கள்.

ஒரு வீட்டில் அரைமணி நேரம் போதும். முதல் பத்து நிமிடம் அவர்கள் பேசட்டும். பாட்டி அதே கதையைச் சொன்னாலும் முதல்தடவை கேட்பதுபோலக் கேளுங்கள். பிறகு எட்டுப் பத்து வசனம், அதற்கு மேல் நோயாளிக்குத் தாங்காது. 121ஆம் சங்கீதம் எட்டே வசனம். காது மந்தமானவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள். ஜெபம் இரண்டு நிமிடம், பாட்டியின் பெயரையும் அவர் சொன்ன காரியத்தையும் சொல்லி. ஜெபத்துக்குள் புத்திமதியை நுழைக்காதீர்கள்.

இந்த ஊழியம் கெட்டுப்போகிற இடங்கள் இரண்டு. ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் ஜெபக்குறிப்பாகச் சொல்வது ஒன்று. அதற்கப்புறம் யாரும் உங்களிடம் உண்மை பேச மாட்டார்கள். விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்கிற பேச்சு இன்னொன்று. அதை நீங்களும் சொல்லக் கூடாது, கூட வருகிறவரையும் சொல்ல விடக் கூடாது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மருந்தை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எண்ணெய் பூசி ஜெபிக்கக் கேட்டால் ஆயருக்கும் மூப்பர்களுக்கும் தெரிவியுங்கள், யாக்கோபு 5:14 அவர்களைத்தான் அழைக்கச் சொல்கிறது.

உங்களுக்கென்று காலையில் இருபது நிமிடம் வேண்டும். ஓய்வுநாள் பள்ளிப் பாடத்தை அப்போது தொடாதீர்கள். போதிக்கிறவர்கள் வறண்டுபோவது பெரும்பாலும் இங்கேதான். வசனத்தைத் திறந்ததுமே பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லலாம் என்று மனம் ஓடுகிறது, தனக்கென்று எதுவும் தங்குவதில்லை. ஒரு சுவிசேஷத்தை முதலிலிருந்து தினம் ஒரு பகுதியாக வாசியுங்கள், குறிப்பெடுக்காமல்.

யாரும் சபைக்கு வரவில்லை என்கிறீர்கள். உங்கள் மலையிலேயே பாருங்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில் வேலை தொடங்கியது 1846இல். இம்மலையின் படுகர் மக்களில் முதல் ஞானஸ்நானம் 1858இல். இடைப்பட்ட பன்னிரண்டு வருடமும் மிஷனெரிகள் ஹட்டி ஹட்டியாக, அதாவது படுகர் ஊர் ஊராக, நடந்தார்கள். உங்கள் பாட்டிமார் சபைக்கு வர எழுந்து நடக்கவே முடியாதவர்கள். அவர்களை எண்ணிக்கைக்குள் கொண்டுவருவது அவர்களுக்கே அநியாயம்.

ஒரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. இராத்தூக்கம் சரியாக இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த வேலையும் கசக்கிறது என்றால் அதை ஆவிக்குரிய குறையென்று எண்ணி உபவாசம் போடாதீர்கள். சாக வேண்டும் என்று கேட்ட எலியாவைத் தேவதூதன் இரண்டுதரம் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், ஓரேப் மலைக்குப் போனதும் மெல்லிய சத்தம் கேட்டதும் அதற்குப் பிறகுதான் (1 இராஜா. 19). இரத்தச்சோகை, தைராய்டு இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மனச்சோர்வு நீடித்தால் டாக்டரிடம் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் முன்பு கேட்ட அதே மூவரிடம் மறுபடி போங்கள். ஆயரிடம் பேச வேண்டியதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஜூன் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி வரை அவரே உங்களை விடமாட்டார்.