மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் பழைய எம்டிபி சைக்கிளைச் சரிசெய்து ஓட்டலாமா, காயலான் கடையில் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். போன வருடம் நானும் இதே யோசனையில்தான் இருந்தேன். பள்ளிக்கூடம் போக 90-களில் அப்பா வாங்கித் தந்த ஹெர்குலிஸ் எம்டிபி, அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரிப்பு. பெயர்தான் மவுண்டன் பைக். கியர் கிடையாது, அது ஏறிய ஒரே மலை எங்கள் ஊர் ரயில்வே மேம்பாலம். காயலான் கடைக்காரர் தராசில் தூக்கி வைத்ததும் மனசு கேட்கவில்லை, திரும்ப உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் ஓவராயில், அதாவது எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, கிரீஸ் போட்டுத் திரும்பப் பூட்டுவது. (ஓவர்ஹால் என்பதைத்தான் நம் சைக்கிள் கடைகளில் அப்படிச் சொல்கிறார்கள் என்பது எனக்குக் கல்லூரி போன பிறகுதான் தெரியும். அதுவரை எண்ணெய் நிறைய விடுவது என்றே நினைத்திருந்தேன்.) இதற்குப் புது ஷோரூம் வேண்டாம், வயதான ஆள் உட்கார்ந்திருக்கும் பழைய கடையாகப் பாருங்கள். காரணம் காட்டர் பின். பெடல் தண்டை அச்சோடு பிடித்திருக்கும் அந்த ஆணி வருஷக்கணக்கில் துரு ஏறி இறுகியிருக்கும். அடியில் முட்டுக் கொடுக்காமல் சுத்தியலால் தட்டினால் ஆணி வளையும், உள்ளே இருக்கும் குண்டு பதிந்து, அது உருளும் கிண்ணமான கப்பும் கெடும். எங்கள் தெருக் கடை அண்ணன் ஒரு இரும்புக் குழாயைத் தரைக்கும் தண்டுக்கும் நடுவே நிறுத்திவிட்டு, நட்டைக் கழற்றாமல் நுனிவரை தளர்த்தி, ஒரே அடி. வந்துவிட்டது. நான் இரண்டு நாள் போராடிய விஷயம். இன்னொன்றையும் அவர்தான் சொன்னார்: இடது பெடலுக்கும் செயின் பக்கத்துக் கப்புக்கும் மரை எதிர்த்திசை. தெரியாமல் பலம் கொடுத்தால் இன்னும் இறுகும்.

பால்ரஸ் குண்டுகளைக் கழுவிப் பழையதையே போடாதீர்கள். புதுசு சில்லறைக் காசுதான். பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீலை மட்டும் ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன், காலையில் பழைய 'டிக் டிக்' கேட்டது.

நான் ஏமாந்தது டயரில். 26 இஞ்ச் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று அளவைப் பார்க்காமல் வாங்கி வந்தேன். ஒன்றில்லை. 26 x 1.95 என்று புள்ளி வைத்து எழுதியிருந்தால் அது எம்டிபி டயர், ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 559 மி.மீ. 26 x 1 3/8 என்று பின்னத்தில் எழுதியிருந்தால் 590 மி.மீ. முப்பத்தொரு மி.மீ. வித்தியாசத்தை எந்த டயர் லீவராலும் சமாளிக்க முடியாது. பழைய டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணை போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பெயின்ட்டைச் சுரண்ட வேண்டாம் என்பது என் கட்சி. கம்பெனி ஸ்டிக்கர் ஒருமுறை போனால் போனதுதான். ரப்பிங் காம்பவுண்ட் (பெயின்ட்டை மெருகேற்றும் பசை) போட்டுத் தேய்த்தாலே பாதி மினுமினுப்பு திரும்பிவிடும். ரிம்மின் லேசான துருவுக்கு வீட்டுப் புளியும் தேங்காய் நாரும் போதும்.

இனிதான் விளையாட்டு. பந்தயச் சைக்கிள் மாதிரி ஆக்கும் ஆசை எனக்கு இல்லை. 'மணிக்கு ஒரு ரூபாய்' வாடகை சைக்கிள் வேஷம் கட்டிவிட்டேன். பின் மட்கார்டில் போர்டு எழுதும் பெயின்டரைப் பிடித்து மஞ்சள் வட்டத்துக்குள் சிவப்பில் 7 போட்டேன். கீழே தொங்கும் ரப்பரில் 'மீண்டும் வருக'. ஸ்போக்ஸ் கம்பியில் கலர் மணிகள், கைப்பிடியில் குஞ்சம். வாட்டர் பாட்டில் மாட்டும் இடத்தில் கோலி சோடா பாட்டில். பார்த்ததும் மனைவி சொன்னது ஒரே வார்த்தை, அதை இங்கே எழுத முடியாது.

மவுண்டன் பைக்குக்கு இது அவமரியாதை என்று ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். அந்த வண்டியின் பிறப்பே இப்படித்தான். 1970-களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டியில் சில இளைஞர்கள், முப்பது நாற்பது வருஷப் பழைய பருமன் டயர் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மலையிலிருந்து உருட்டி விளையாடினார்கள். ஒருமுறை இறங்கினால் பின் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் (ஹப்) இருக்கும் பிரேக்கின் கிரீஸ் சூட்டில் எரிந்துபோகும், மறுபடி அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர். 1977-ல் அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் அந்த விளையாட்டுக்கென்றே ஃபிரேம் கட்டினார். கடைச் சரக்காகப் பெரிய அளவில் வந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

எனக்கு மொத்தம் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. பாதி டயர், டியூப். பிரேக் கட்டையும் கேபிளும் கட்டாயம் புதுசு போடுங்கள். அப்படிப் போட்டாலும் மழையில் இரும்பு ரிம்மை நம்பாதீர்கள், நனைந்தால் வழுக்கிக்கொண்டே போகும்.

சக்கரத்தில் அட்டை சொருகி 'டுர்ர்ர்' சத்தம் வரவைப்பது ஞாபகம் இருந்தால், கல்யாணப் பத்திரிகை அட்டைதான் அதற்குச் சரி. தபால் அட்டை இரண்டு தெரு தாண்டாது.