மகள் வீகன், வீட்டில் தீபாவளி: நெய்யும் பாலும் இல்லாமல் எப்படி?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஆறு மாதமாகப் பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை; வீகன் ஆகிவிட்டேன் என்கிறாள். நாங்கள் சைவக் குடும்பம், முட்டைகூடச் சேர்ப்பதில்லை. தீபாவளிக்கு ஐந்து நாள் லீவில் வருகிறாள். நெய் இல்லாமல் என்ன பலகாரம் என்று என் மாமியார் வருத்தப்படுகிறார். பால் குடிக்காவிட்டால் எலும்பு என்னாகும் என்பது என் கவலை. போன வாரம் பேசும்போது கால் விரல்கள் அடிக்கடி மரத்துப்போகின்றன என்றாள். நான் என்ன செய்ய வேண்டும்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்களே, கால் விரல் மரத்துப்போவது, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பலகாரத்துக்கு வழி நிறைய இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் இது தீபாவளி வரை காத்திருக்கக் கூடாத விஷயம். இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பார்த்து வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு அப்புறம் பரிசோதிக்க வேண்டாம். மாத்திரை உள்ளே போனதும் ரத்தத்தில் அளவு ஏறிவிடும், உண்மை நிலை தெரியாது.

பி12-ஐச் செடியும் தயாரிப்பதில்லை, ஆடு மாடும் தயாரிப்பதில்லை. நுண்ணுயிர்கள்தான் தயாரிக்கின்றன. கால்நடைகளின் வழியாக அது பாலுக்கும் முட்டைக்கும் இறைச்சிக்கும் வருகிறது. அரிசி, பருப்பு, கீரை, பழம் எதிலும் நம்பி இருக்கும்படியான அளவு கிடையாது. இட்லி மாவு புளிப்பதால் பி12 கிடைக்கும் என்று பலர் சொல்கிறார்கள். அதை நம்பி இருந்துவிடக் கூடாது. சத்துப் பொடியாக விற்கும் ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பி12 கல்லீரலில் சேமிப்பாக இருக்கும். சாதாரணமாக அந்தச் சேமிப்பு ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆறு மாதத்தில் தீர்ந்துவிடாது. அதனால் உங்கள் மகளுக்குக் குறைபாடு இருந்தால், அது வீகன் ஆன பிறகு வந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. முட்டை, மீன் இல்லாத வீட்டில் காபியில் ஊற்றும் பாலும் ஒரு கரண்டி மோரும்தான் பி12-க்கு வழி. பல ஆண்டுகளாகவே அவள் சேமிப்பு கரைந்துகொண்டு வந்திருக்கலாம். எனவே நீங்களும் உங்கள் மாமியாரும்கூட ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அவர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவரானால் கட்டாயம் பாருங்கள். அந்த மாத்திரை பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று பொதுவாக எடுத்துக்கொள்வோம். 200 முதல் 300 வரை சந்தேகமான இடம். அப்போது, பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீன் என்ற பொருளின் பரிசோதனையும் உதவும். ஒரு எச்சரிக்கை: நம் சாப்பாட்டில் கீரையும் பருப்பும் அதிகம், அதனால் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் நிறையக் கிடைக்கிறது. பி12 குறைந்தால் வரவேண்டிய ரத்தசோகையை அது மறைத்துவிடலாம். ரத்த அளவு நன்றாக இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது உள்ளே நரம்பு பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். மரத்துப்போவதற்குச் சர்க்கரை, தைராய்டு போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால்தான் மருத்துவரிடம் போகச் சொல்கிறேன். குறைபாடு உறுதியானால் ஊசியா மாத்திரையா என்பதை அவர் முடிவு செய்வார்.

குறை சரியான பிறகும், வீகனாக இருக்கும் காலம் முழுக்க பி12 எடுத்தே ஆக வேண்டும். வீகன் என்ற சொல்லை 1944-ல் உருவாக்கிய பிரிட்டனின் வீகன் சொசைட்டியே இதில் கண்டிப்பாக இருக்கிறது: தினமும் குறைந்தது 10 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது வாரத்துக்கு ஒருமுறை 2000 மைக்ரோகிராம், அல்லது பி12 சேர்த்த உணவு வழியாக நாளுக்கு 3 மைக்ரோகிராமாவது. அந்த இயக்கத்தைத் தொடங்கியவர்களே சொல்வதால் உங்கள் மகளும் மறுக்க மாட்டாள். பெரும்பாலான கேப்ஸ்யூல்களின் உறை மாட்டு எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். கடைக்காரரிடம் கேட்டு உறையில்லாத மாத்திரையாக வாங்கச் சொல்லுங்கள். வைட்டமின் டி3-யும் வழக்கமாக ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து வருவது; பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கனிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது.

எலும்பைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது, ஆனால் இதைச் சமாளிப்பது எளிது. பெரியவர்களுக்கு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை சொல்கிறது. 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 350 அளவுக்கு இருக்கிறது. முளைகட்டியோ புளிக்கவைத்தோ சாப்பிட்டால் அது உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். நம் கேழ்வரகுக் கூழைப் புளிக்கவைத்த பெரியவர்களுக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. தோல் நீக்காத எள், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, டோஃபு எல்லாம் கைகொடுக்கும். பசலையில் கால்சியம் இருந்தாலும் அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதை உடம்பில் சேர விடாது, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். புரதத்துக்கு வேளைக்கு ஒரு கப் பருப்போ சுண்டலோ சோயாவோ இருந்தால் போதும். இரும்புச்சத்துக்கு, கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும். டீ, காபியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

சரி, இப்போது அடுப்படிக்கு வருவோம்.

உங்கள் மாமியாரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அவர் சிறுவயதில் வீட்டில் சுட்ட பலகாரங்களில் எத்தனை நெய்யில் சுட்டவை? அதிரசம், சுழியம், ஜாங்கிரி, எள்ளுருண்டை, கடலை உருண்டை எல்லாம் எண்ணெயும் வெல்லமும் சர்க்கரையும்தான். கைக்குத் தடவவோ வாசனைக்கோ ஒரு கரண்டி நெய் போயிருக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு கரண்டியை விட்டுவிட்டால் உங்கள் மகளுக்கான தட்டு பாதி நிறைந்துவிடும். அதிரச மாவைத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே பாகு சேர்த்து வையுங்கள். தட்டும்போது வாழையிலையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

முறுக்குக்கு வெண்ணெய் சேர்ப்பது மொறுமொறுப்புக்காக. கொழுப்பு மாவைச் சுற்றிப் படர்ந்து, தண்ணீர் சேர்ந்து மாவு இறுகிப்போகாமல் தடுக்கிறது. அந்த வேலையை எந்தக் கொழுப்பும் செய்யும். நான்கு கப் அரிசி மாவு, ஒரு கப் வறுத்தரைத்த உளுந்து மாவு என்றால், காய்ச்சிய தேங்காய் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி சுடச்சுட விட்டுப் பிசறுங்கள். அதற்கு மேல் போனால் முறுக்கு எண்ணெயில் பிரிந்துவிடும். தண்ணீருக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைவதானால் எண்ணெயே வேண்டாம். தேங்காய்ப்பால் முறுக்கின் வாசனைக்கு வெண்ணெய் முறுக்கு ஈடாகாது என்பது என் கட்சி.

மைசூர்பாகுதான் சவால். நெய் அறை வெப்பத்தில் உறையும், அதனால்தான் வாயில் வைத்ததும் கரைகிறது. கடலை எண்ணெய் உறையாது. அதை மட்டும் விட்டுச் செய்தால் தட்டில் எண்ணெய் கசிந்து நிற்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறைகிறது. ஐப்பசி மழைக் குளிருக்கு அது சரியாக வரும். ஆனால் முழுக்கத் தேங்காய் எண்ணெய் என்றால் அந்த வாசனையே தூக்கலாக நிற்கும். ஆகவே பாதிப் பாதி.

ஒரு கப் கடலை மாவைச் சலித்து, பச்சை வாசனை போக மிதமான தீயில் வறுத்துக்கொள்ளுங்கள். முக்கால் கப் தேங்காய் எண்ணெயும் முக்கால் கப் வாசனையில்லாத சூரியகாந்தி எண்ணெயும் கலந்து பக்கத்து அடுப்பில் சூடாகவே இருக்கட்டும். அதில் கால் கப் எடுத்து மாவில் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து வையுங்கள். ஒன்றரைக் கப் சர்க்கரையை அரைக் கப் தண்ணீரில் கரைத்து, ஒரு கம்பிப் பதம் வந்ததும் மாவுக் கரைசலை விட்டுக் கிளறுங்கள். பிறகு சூடான எண்ணெயைக் கரண்டி கரண்டியாக விட வேண்டும். ஒவ்வொரு முறையும் சுரீரென்று நுரைத்துப் பொங்கும். மாவிலுள்ள ஈரம் ஆவியாகி வெளியேறும்போது விட்டுப்போகும் துளைகள்தான் மைசூர்பாகின் கூடு. எண்ணெய் ஆறியிருந்தால் கூடு வராது, அல்வா மாதிரி ஆகிவிடும். சட்டியின் ஓரம் விட்டு, நிறம் லேசாக மாறியதும் எண்ணெய் தடவிய தட்டில் கொட்டுங்கள். மேலே அழுத்தாதீர்கள், கூடு அமுங்கிவிடும். சூடு இருக்கும்போதே துண்டு போட்டுவிடுங்கள். ஏலக்காய் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்.

வனஸ்பதி வேண்டாம். அது தாவரக் கொழுப்புதான், மகள் சாப்பிடலாம், மைசூர்பாகும் அழகாக வரும். ஆனால் இதயத்துக்கு ஆகாத டிரான்ஸ் கொழுப்புக்குப் பேர்போனது. 2022 முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கட்டுப்படுத்தியிருக்கிறது. இருந்தாலும் வீட்டுப் பலகாரத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பாயசத்துக்குத் தேங்காய்ப்பாலை மாற்று என்று நினைக்காதீர்கள். வெல்லத்தோடு சேர்ந்தால் மாட்டுப் பால் திரிந்துவிடும் பயம் எப்போதும் உண்டு. அதனால்தான் பாசிப்பருப்புப் பாயசத்துக்கும் கேரளத்து அடைப்பிரதமனுக்கும் தேங்காய்ப்பால் வந்தது. பருப்பை மூன்றாம் பாலில் வேகவைத்து, வெல்லப் பாகு சேர்த்து, இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு முதல் பாலை ஊற்றுங்கள். முதல் பாலைக் கொதிக்கவிட்டால் பிரிந்துவிடும். முந்திரியையும் தேங்காய்ப் பல்லையும் தேங்காய் எண்ணெயில் வறுத்துக் கொட்டுங்கள்.

பால்கோவா, ரசகுல்லா போன்றவற்றுக்கு மாற்று தேட வேண்டாம் என்பேன். பாலே அவற்றின் உயிர். முந்திரியை அரைத்துப் பால்கோவா என்று பெயர் வைத்தால் இரண்டு பேருக்கும் ஏமாற்றம்தான். அதையே முந்திரி கேக் என்று சொல்லி, முந்திரிப் பொடியையும் சர்க்கரைப் பாகையும் சேர்த்துச் செய்யுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தீபாவளிச் சாப்பாட்டுக்குத் திருநெல்வேலிச் சொதி வையுங்கள். பாசிப்பருப்பு, காய்கறி, தேங்காய்ப்பால், இஞ்சிச் சாறு, இறக்கியதும் எலுமிச்சை. கல்யாண மறுநாள் விருந்துக்கே போடுகிற குழம்பு, அதை யாரும் குறைந்த சாப்பாடு என்று சொல்ல முடியாது. சாப்பாடு முடியும்போது மகள் தயிருக்கு ஏங்கினால் நிலக்கடலைத் தயிர் செய்யலாம். ஒரு கப் கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோல் நீக்கி, மூன்று கப் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். அடிப்பிடிக்காமல் கிளறிக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும் கழுவிய பச்சை மிளகாய்க் காம்பு பத்துப் பன்னிரண்டு போட்டு மூடி வையுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் உறையும். முதல் தடவை கொஞ்சம் தளர்வாக இருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த தடவை உறை ஊற்றினால் கெட்டியாக வரும். நிறம் மாறினாலோ கெட்ட வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

மாமியாருக்கு நெய் வேண்டுமே? எல்லாவற்றையும் நெய் இல்லாமல் செய்து, நெய்க் கிண்ணத்தைப் பந்தியில் வைத்துவிடுங்கள். வேண்டியவர் இலையில் விட்டுக்கொள்ளட்டும். வெண்ணெய் முறுக்கும் சுடுவதானால் மகளுக்கானதை முதலில் சுட்டு எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் பிறகு மற்றதைப் போடுங்கள். அவர் கையாலேயே மகளுக்கு அதிரசம் தட்டச் சொல்லுங்கள். பேத்தி தன் சமையலை ஒதுக்கிவிட்டாளோ என்பதுதான் அவருடைய வருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடையில் வாங்கும்போது பச்சைப் புள்ளியை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பாலும் தேனும் உள்ள பொருளுக்கும் பச்சைப் புள்ளிதான். வீகன் பொருளுக்கென்று 2022-ல் தனி விதிமுறை வந்தது. இலை முளைத்த பச்சை ‘வி’ எழுத்துதான் அதன் முத்திரை. அது இல்லாத பாக்கெட்டில் ஒவ்வாமை எச்சரிக்கை வரியைப் படியுங்கள், பால் இருந்தால் அங்கே சொல்லியிருப்பார்கள். பிஸ்கட், ரொட்டி, சிப்ஸ் மசாலாவில்கூடப் பால் பவுடர் ஒளிந்திருக்கும். ஓட்டலில் பரோட்டா, ரவா தோசை, பொடி தோசை மூன்றையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். சோயா, ஓட்ஸ் பெட்டிகளில் பால் என்று இருக்காது, பானம் என்றிருக்கும். கால்சியமும் பி12-உம் சேர்த்ததா என்று பார்த்து வாங்குங்கள். காபிக்கு அதைக் கொதிக்கவிடாமல் சூடாக்கி, டிகாஷனை மெதுவாக அதில் ஊற்றினால் திரியாது.

தமிழில் தேட வேண்டுமானால் நனிசைவம் என்ற சொல்லையும் போட்டுப் பாருங்கள். சத்துக் கணக்குக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணைகள் நம்பகமானவை. வீகன் சொசைட்டியின் தளத்தில் ஒவ்வொரு சத்துக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. பெங்களூரில் சாப்பிட இடம் தேட ஹேப்பிகவ் செயலி உதவும். நாளை அவள் கர்ப்பமாகும்போது மட்டும் தளங்களை நம்பாமல் ஒரு உணவியல் நிபுணரை நேரில் பார்க்க வேண்டும்.

உடைக்கும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பட்டுப்புழுக்களைக் கூட்டோடு வெந்நீரில் இடுவதால் வீகன்கள் பட்டு உடுத்துவதில்லை. காரைக்குடிக் கண்டாங்கியோ மதுரைச் சுங்குடியோ எடுத்துவைத்தால் அவள் மனம் நிறையும்.

தீபாவளி லேகியத்தை மறந்துவிடாதீர்கள். நெய்க்குப் பதில் நல்லெண்ணெயைக் கொஞ்சம் கூட்டி விடுங்கள், தேனை விட்டுவிட்டு அந்த இடத்தில் கருப்பட்டிப் பாகு சேருங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் வழக்கமான அளவுதான்.