தூக்குக்கூரை வேனுக்குத் தார்ப்பாய் ஏற்றதா?

தம் பழைய வேனின் கூரையை மேலே தூக்கி நிறுத்தும்படி தாமே மாற்றியமைக்கத் திட்டமிட்டிருக்கும் கிருஷ்ணகிரி வாசகர் ஒருவர், தூக்கிய கூரையைச் சுற்றியுள்ள திறப்பை லாரித் தார்ப்பாயால் மூடலாமா, மழைக்கு அதுதான் தாங்கும் என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறாரே என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம். கடைக்காரர் சொல்வது பொய்யன்று. பிவிசி பூசிய தார்ப்பாயில் மழைநீர் இறங்காது. ஆனால் அதே பூச்சு உள்ளிருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. மார்கழியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓரிரவு தங்கினால், உறங்குவோரின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த துணியின் உட்புறத்தில் நீராகப் படிந்து, விடியும்போது போர்வையில் சொட்டும். தார்ப்பாய் சரக்குக்கானது, சிமென்ட் மூட்டை மூச்சு விடுவதில்லை. நைலானோ வெயிலில் நைந்து, நனைந்தால் தொய்ந்துவிடும்.

உங்களுக்கு ஏற்றது, பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்து நெய்து, நீர் ஒட்டாதபடி பதப்படுத்திய கித்தான்; சதுர மீட்டருக்கு 280 முதல் 350 கிராம் எடையுள்ளதாக இருக்கட்டும். நனையும்போது பருத்தி இழை உப்பி நெசவின் இடைவெளியை அடைத்துக்கொள்ளும்; உலர்ந்தால் துணி மீண்டும் காற்றை விடும். தைத்தபின் முதல் மழையில் ஊசித் துளைகள் ஒழுகக்கூடும் என்பதால், வீட்டிலேயே இரண்டு முறை நன்றாக நனைத்து முழுதாக உலர்த்திவிடுங்கள்.

ஏமாறும் இடம் இனித்தான் வருகிறது. பூச்சுப் பூசிய வெறும் பாலியெஸ்டரையே கித்தான் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு; இடைத்தரகர் மூலம் வாங்கினால் எடையிலும் ஏமாற்றிவிடுவார்கள். பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு துண்டு வெட்டி நகைக்கடைத் தராசில் வையுங்கள்: 3 கிராம் இருந்தால் அது 300 கிராம் துணி. பிறகு ஓர் இழையை உருவி எரித்துப் பாருங்கள். காகிதம் எரிந்த வாடையே இன்றி முழுவதும் உருகி மணியாகத் திரண்டால் அதில் பருத்தி இல்லை.

தார்ப்பாய் ஒரே ஓரிடத்தில் மட்டும் உதவும். ஐப்பசி அடைமழையில் கித்தானுக்கு வெளியே மேலுறையாக அதைக் கட்டலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி வேண்டும், கீழ்ப்புறம் திறந்திருக்க வேண்டும், எங்கும் கித்தானில் உரசக் கூடாது, மழை விட்டதும் கழற்றிவிட வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும்.

கடைசியாக, வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இருக்கும்போது, முன் அனுமதியின்றிக் கூரையை வெட்ட வேண்டாம். "எஃப்.சி.யின்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் சொல்லும் தரகர், விபத்துக்குப்பின் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும்போது அங்கே இருக்கமாட்டார். எந்தத் தாளை எந்த மேசையில் கொடுப்பது என்பதைத் தெளிவாக எழுதி ஒட்டினாலே இத்தகையோருக்குப் பிழைப்பு இருக்காது; அது ஏனோ நடப்பதில்லை. அனுமதி கைக்கு வரும்வரை துணியிலும் கத்தரி வைக்காதீர்கள். கூரையின் உயரத்தைக் குறைக்கச் சொன்னால், வெட்டிய கித்தானை எந்தக் கடையும் திரும்ப வாங்காது.